திரைப்பதிவில் கோளாறா? அறிகுறி பார்த்து ஓபிஎஸ் ஸ்டூடியோவைச் சரிசெய்யும் வழிமுறை

ஓபிஎஸ் ஸ்டூடியோவில் திரையைப் பதிவுசெய்து, ஆடாசிட்டியில் குரலைத் துப்புரவாக்கி, கேடென்லைவில் வெட்டித் தொகுப்பவர்களுக்கான வழிமுறை இது. மூன்றுமே திறமூல மென்பொருள்கள், காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சரியாக அமைத்துக்கொண்டால் தெளிவில் எந்தக் குறையும் இருக்காது. ஆனால் கோளாறு வந்தவுடன் எங்கோ கிடைத்த ‘பெஸ்ட் செட்டிங்ஸ்’ பட்டியலை மொத்தமாக ஏற்றிவிடுகிறவர்கள் அதிகம். ஒரு கோளாறு போய் மூன்று வந்து சேரும். எது எதனால் என்று பிறகு பிரித்தறியவே முடியாது.

எனவே எதையும் தொடுமுன் ஓபிஎஸ்ஸின் ப்ரொஃபைல் மெனுவில் டூப்ளிகேட் கொடுத்து அமைப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துவையுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, 20 விநாடி பதிவுசெய்து, அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஓபிஎஸ்ஸின் முன்னோட்டத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அது சாளரத்துக்குள் அடங்கும்படி சுருக்கிக் காட்டப்படும் படம். அதில் மங்கலாகத் தெரிவது கோப்பில் கூர்மையாக இருக்கலாம், நேர்மாறாகவும் நடக்கலாம்.

திரை முழுக்கக் கறுப்பு

விண்டோஸ் மடிக்கணினியில் இது வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரண்டு கிராபிக்ஸ் சிப்கள். ப்ராசஸரோடு சேர்ந்த சிப் திரையை இயக்கிக்கொண்டிருக்கும். ஓபிஎஸ்ஸோ தனி கிராபிக்ஸ் சிப்பில் ஓடிக்கொண்டிருக்கும். முழுத் திரையையும் எடுக்கும் டிஸ்ப்ளே கேப்சரின் டிஎக்ஸ்ஜிஐ முறை, திரையை இயக்கும் அதே சிப்பில் ஓபிஎஸ் ஓடினால்தான் வேலை செய்யும். அந்த சோர்ஸை (ஓபிஎஸ் படமோ ஒலியோ எடுக்கும் மூலம்) இரட்டைக் கிளிக் செய்து, கேப்சர் மெத்தட் என்ற இடத்தில் ‘விண்டோஸ் 10 (1903 அண்ட் அப்)’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் விண்டோஸ் செட்டிங்ஸ் → சிஸ்டம் → டிஸ்ப்ளே → கிராபிக்ஸ் பக்கத்தில் ஓபிஎஸ் செயலியைச் சேர்த்து, ஆப்ஷன்ஸில் ‘பவர் சேவிங்’ கொடுத்து, ஓபிஎஸ்ஸை மூடித் திறக்க வேண்டும். விளையாட்டைப் பதிவுசெய்ய கேம் கேப்சர் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் இதற்கு எதிராக ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுக்க வேண்டும்.

பிரவுசர் சாளரம் மட்டும் கறுப்பாக வந்தால் விண்டோ கேப்சர் பழைய ‘பிட்பிளிட்’ முறையில் இருக்கிறது. கிராபிக்ஸ் சிப் நேரடியாக வரையும் சாளரங்களை அந்த முறையால் எடுக்க முடியாது. மேலே சொன்ன 1903 முறைக்கே மாற்றுங்கள்.

மேக்கில் இது பெரும்பாலும் அனுமதிப் பிரச்சினைதான். சிஸ்டம் செட்டிங்ஸ் → ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டியில் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் பகுதியில் ஓபிஎஸ்ஸை அனுமதித்துவிட்டு, அதை முழுவதுமாக மூடித் திறங்கள். மூடாமல் அனுமதி செல்லாது.

லினக்ஸில் மவுஸ் அம்பு மட்டும் தெரிந்து மற்றதெல்லாம் கறுப்பாக இருந்தால் திரையை வரையும் புதிய அமைப்பான வேலேண்டில் நீங்கள் இருக்கிறீர்கள், ஆனால் பழைய அமைப்பான எக்ஸ்11 காலத்து சோர்ஸைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று பொருள். அதை நீக்கிவிட்டு ‘ஸ்க்ரீன் கேப்சர் (பைப்வயர்)’ சேருங்கள். பட்டியலில் அந்தப் பெயரே இல்லை என்றால் திரைப் படத்தைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் பைப்வயரோ, அதற்கு அனுமதி வாங்கித்தரும் எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் போர்ட்டலோ, உங்கள் டெஸ்க்டாப்புக்கான போர்ட்டல் துணைப்பொதியோ நிறுவப்படவில்லை. க்னோமுக்கு ஒன்று, கேடிஈக்கு ஒன்று எனத் தனித்தனிப் பொதிகள் உண்டு. நிறுவியபின் வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும்.

கட்டண ஓடிடி தளத்தின் படம் ஓடும் பகுதி மட்டும் கறுப்பாக இருந்தால் அது பழுதே அல்ல. உள்ளடக்கக் காப்புப் பூட்டு அப்படித்தான் செய்யும்.

எழுத்து மங்கலாக இருக்கிறது

மென்பொருள் பாடங்களின் உயிரே எழுத்துதான், இதில் அவசரப்படாதீர்கள். பதிவான கோப்பை விஎல்சியில் திறந்து, வீடியோ → ஜூம் → 1:1 வைத்து, ஓரிடத்தில் நிறுத்திப் பாருங்கள். மங்கல் எப்படிப்பட்டது என்பதிலேயே காரணம் இருக்கிறது.

திரை அசையாமல் இருக்கும்போதும் எல்லா எழுத்தும் மங்கல் என்றால் அளவு மாற்றம். செட்டிங்ஸ் → வீடியோவில் பேஸ் கேன்வாஸ் (காட்சியை அடுக்கும் பரப்பு) 1920×1080 ஆகவும், அவுட்புட் (கோப்பில் பதிவாகும் அளவு) 1280×720 ஆகவும் இருக்கும். இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். அந்த எண் உங்கள் திரையின் உண்மையான பிக்சல் அளவாக இருக்கட்டும். விண்டோஸில் 125%, 150% என்று எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பது இதைப் பாதிக்காது. அதை அப்படியே விட்டுவிடலாம், சொல்லப்போனால் பார்வையாளர்களுக்கு நல்லதுதான். அடுத்து சோர்ஸைச் சொடுக்கிக் கன்ட்ரோல்+ஆர் அழுத்துங்கள். கை தவறி ஓரத்தை இழுத்திருந்தால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

1366×768 திரையுள்ள மடிக்கணினிக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஓபிஎஸ் வெளியீட்டின் அகலத்தை 4-ஆல் வகுபடும் எண்ணாகக் குறைத்துக்கொள்ளும். 1366 வகுபடாது, 1364 ஆகிவிடும். இந்த 2 பிக்சலுக்காகப் படம் முழுவதும் மறுபடி அளவு மாற்றப்பட்டு, எல்லா எழுத்தின் ஓரமும் லேசாகக் கரையும். எண்கள் சரியாகத்தான் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருப்போம், பிடிபடவே பிடிபடாது. கேன்வாஸ், அவுட்புட் இரண்டையும் 1360×768 என்று கையால் தட்டச்சு செய்து, சோர்ஸை அளவு மாற்றாமல் கன்ட்ரோல்+டி (D) அழுத்தி நடுவில் வையுங்கள். இருபுறமும் 3 பிக்சல் வெட்டுப்படும். எழுத்து கூர்மையாக நிற்கும்.

நிற்கும்போது தெளிவாக இருந்து, பக்கத்தை உருட்டும்போது கட்டம் கட்டமாகச் சிதைந்தால் பிட்ரேட், அதாவது நொடிக்குச் செலவழிக்கும் தரவின் அளவு, போதவில்லை. செட்டிங்ஸ் → அவுட்புட்டில் சிம்பிள் முறையில் ரெக்கார்டிங் குவாலிட்டி ‘சேம் ஆஸ் ஸ்ட்ரீம்’ என்று இருந்தால் நேரலைக்கான குறைந்த பிட்ரேட்டே பதிவுக்கும் போகும். ‘இன்டிஸ்டிங்விஷபிள் குவாலிட்டி’க்கு மாற்றுங்கள். அட்வான்ஸ்டு முறையில் இருப்பவர்கள் ரேட் கன்ட்ரோலை சிபிஆரிலிருந்து (மாறாத பிட்ரேட்) எடுத்துவிட வேண்டும்: காட்சியைச் சுருக்கும் என்கோடர் எக்ஸ்264 என்றால் சிஆர்எஃப் (மாறாத தரம்) 18, என்விடியா என்கோடர் என்றால் சிக்யூபி 18 முதல் 20 வரை. எண் குறையக் குறையத் தரம் கூடும். 6 எண் குறைத்தால் கோப்பு ஏறக்குறைய இருமடங்காகும். சிபிஆர், அசையாத திரைக்கும் ஓடும் காட்சிக்கும் ஒரே அளவு தரவைச் செலவழிக்கும். சிஆர்எஃப் தேவைப்படும் இடத்தில் மட்டும் செலவழிக்கும். அதனால் திரை அதிகம் அசையாத பாடங்களில் சிஆர்எஃப் 16 வைத்தால்கூடக் கோப்பு வீங்காது.

கறுப்பு எழுத்து கூர்மை, நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் கசிகிறது என்றால் காரணம் நிறச் சுருக்கம். வழக்கமான என்வி12 வடிவம், நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல் என்று சேமிக்கும். செட்டிங்ஸ் → அட்வான்ஸ்டில் ஐ444 வைத்தால் கசிவு போய்விடும். ஆனால் அந்தக் கோப்பு பல கைபேசிகளிலும் பிரவுசர்களிலும் ஓடாது, யூடியூபும் ஏற்றியபின் பழைய வடிவத்துக்கே மாற்றிவிடும். கோட் எடிட்டரின் நிறத் தோற்றத்தை (தீம்) மாற்றி எழுத்தை இரண்டு புள்ளி பெரிதாக்குவதே பயனுள்ள வழி.

நிறம் வெளிறிப்போகிறது

விண்டோஸில் எச்டிஆர் (ஒளி வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை) ஓடிக்கொண்டிருந்தால் விண்டோஸ் விசை+ஆல்ட்+பி (B) அழுத்தி அணையுங்கள். பாடப் பதிவுக்கு அது தேவையே இல்லை. எச்டிஆர் இல்லாமலும் வெளிறினால் செட்டிங்ஸ் → அட்வான்ஸ்டில் கலர் ஸ்பேஸ் ரெக். 709, கலர் ரேஞ்ச் லிமிடெட் என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஃபுல்’ என்றால் நல்லது என்று நினைத்து மாற்றுகிறவர்கள் பலர். பெரும்பாலான பிளேயர்களும் எடிட்டர்களும் லிமிடெட் என்று எண்ணியே திறப்பதால் கறுப்பும் வெள்ளையும் பிசகிப்போகும்.

காட்சி தத்தித் தத்தி ஓடுகிறது

ஊகிக்கத் தேவையில்லை. டாக்ஸ் மெனுவில் ஸ்டேட்ஸைத் திறந்து, பதிவு ஓடும்போது எந்த எண் ஏறுகிறது என்று பாருங்கள்.

‘ரெண்டரிங் லேக்’ ஏறினால் கிராபிக்ஸ் சிப் திணறுகிறது. பதிவாகும் விளையாட்டோ முப்பரிமாண மென்பொருளோ சிப்பை முழுவதுமாக விழுங்கிக்கொள்கிறது. அதன் ஃபிரேம் வேகத்துக்கு 60 என்று வரம்பு வையுங்கள். விண்டோஸில் ஓபிஎஸ்ஸை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்தால் சிப்பில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும்.

‘என்கோடிங் லேக்’ ஏறினால் சுருக்கும் வேலை தாமதம். எக்ஸ்264-இல் இருந்தால் என்விடியாவின் என்விஎன்க், இன்டெலின் குவிக் சிங்க், ஏஎம்டி என்கோடர் என எந்த வன்பொருள் என்கோடர் இருக்கிறதோ அதற்கு மாறுங்கள். அப்படி ஒன்றும் இல்லாத பழைய கணினி என்றால் ப்ரீசெட்டை (சுருக்கும் வேகம்) ‘வெரிஃபாஸ்ட்’டிலிருந்து ‘சூப்பர்ஃபாஸ்ட்’, ‘அல்ட்ராஃபாஸ்ட்’ என்று இறக்குங்கள். சிஆர்எஃப்பில் இதனால் கோப்புதான் பெரிதாகும், தரம் பெரிதாக அடிபடாது. மென்பொருள் செயல்விளக்கத்துக்கு நொடிக்கு 30 ஃபிரேம் தாராளம். 60-இலிருந்து இறக்கினாலே பாதிச் சுமை குறையும்.

இரண்டும் 0 காட்டியும் கோப்பு தத்தினால் குறை பெரும்பாலும் பதிவில் இல்லை, பார்க்கும் பிளேயரில் இருக்கலாம். வேறொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள்.

பதிவின் நடுவில் கரண்ட் போனது, கோப்பு திறக்கவில்லை

வழக்கமான எம்பி4 கோப்பு, எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பதிவு முடியும்போதுதான் எழுதும். நடுவில் கணினி அணைந்தால் அட்டவணை இல்லை. ஒரு மணி நேரத் தரவு வட்டில் இருந்தும் எந்தப் பிளேயருக்கும் புரியாது. அன்ட்ரங்க் என்ற திறமூலக் கருவியிடம் அதே அமைப்பில் பதிவான நல்ல கோப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் பல நேரம் மீட்டுத்தரும், உறுதி கிடையாது.

இனி இது நடக்கவே கூடாது என்றால் ரெக்கார்டிங் ஃபார்மட்டை எம்கேவி ஆக்குங்கள். அணைந்த நொடி வரைக்கும் உள்ளது பத்திரமாக இருக்கும். எடிட்டருக்கு எம்பி4 வேண்டுமென்றால் ஃபைல் → ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ். உறையை மட்டும் மாற்றும் வேலை என்பதால் தரம் துளியும் குறையாது, நொடிகளில் முடியும். 2024-இல் வந்த 30.2 பதிப்பிலிருந்து ‘ஹைப்ரிட் எம்பி4’ என்ற வடிவமும் உண்டு. அதுவும் இதே பாதுகாப்பைத் தரும்.

குரலில் வரும் கோளாறுகள்

படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள்; குரல் கெட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் மூடிவிடுவார்கள். படத்தைவிட இதற்கே அதிக நேரம் கொடுங்கள்.

*ஒன்றுமே பதிவாகவில்லை.* ஆடியோ மிக்சரில் மைக்கின் பட்டை ஆடுகிறதா பாருங்கள். ஆடவில்லை என்றால் செட்டிங்ஸ் → ஆடியோவில் ‘டிஃபால்ட்’ என்பதை விட்டுவிட்டு மைக்கைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் செருகும்போதெல்லாம் டிஃபால்ட் மாறிவிடும். பட்டை ஆடியும் கோப்பில் குரல் இல்லை என்றால் டிராக் பொருந்தவில்லை. அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்டீஸில் மைக் 2-ஆம் டிராக்கில் மட்டும் இருக்கும். பிளேயரோ முதல் டிராக்கை மட்டும் ஓட்டும். டிராக் 1-இல் எல்லாம் கலந்தது, 2-இல் மைக் மட்டும், 3-இல் கணினி ஒலி மட்டும் என்று வைத்து, அவுட்புட் → ரெக்கார்டிங்கில் 1, 2, 3 மூன்றையும் டிக் செய்வது நல்ல ஏற்பாடு. நடுவில் வாட்ஸ்அப் ‘டிங்’ என்று அடித்தாலும் குரலைத் தொடாமல் அதை மட்டும் வெட்டலாம்.

*ஒரு காதில் மட்டும் கேட்கிறது.* அதே ப்ராப்பர்டீஸ் பக்கத்தில் மைக்குக்கு நேரே மோனோவை டிக் செய்யுங்கள்.

*எதிரொலி.* ஒரே ஒலி இரண்டு வழியாக உள்ளே வருகிறது. ஆடியோ செட்டிங்ஸில் உள்ள மைக்கை சோர்ஸ் பட்டியலிலும் சேர்த்திருப்பீர்கள், அல்லது டெஸ்க்டாப் ஆடியோவும் அப்ளிகேஷன் ஆடியோ கேப்சரும் ஒன்றாக ஓடும். ஒன்றை நீக்குங்கள். ஸ்பீக்கரை அணைத்து ஹெட்போன் போடுங்கள்.

*தொலைபேசியில் பேசுவதுபோல் இருக்கிறது.* ப்ளூடூத் ஹெட்செட். அதன் மைக்கைத் திறந்தவுடன் வழக்கமான ப்ளூடூத் இணைப்பு அழைப்பு முறைக்கு இறங்கி, ஒலியின் மேல்பகுதியை வெட்டிவிடும். எந்த ஃபில்டரும் அதைத் திரும்பக் கொண்டுவராது. கேட்பதற்கு ப்ளூடூத்தை வைத்துக்கொண்டு, பேசுவதற்கு ஒரு கம்பி மைக் வையுங்கள். சாதாரணக் காலர் மைக்கே எவ்வளவோ மேல்.

*‘ம்ம்ம்’ என்ற ஓயாத இரைச்சல்.* மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு 10 விநாடி பதிவுசெய்யுங்கள். இரைச்சல் நின்றால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம். எர்த் சரியில்லாத பிளக் வழியாக வருகிறது. பேட்டரியில் பதிவுசெய்வதே எளிய தீர்வு. பதிவான கோப்பைக் காப்பாற்ற ஆடாசிட்டியில் ஓர் அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரை 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

*சீலிங் ஃபேன் சத்தம்.* மைக் ஃபில்டர்ஸில் நாய்ஸ் சப்ரெஷன் → ஆர்என்நாய்ஸ். ஆனால் மைக் ஒரு முழம் தள்ளி இருந்தால் அது ஃபேனோடு சேர்த்துச் சொற்களின் கடைசி எழுத்தையும் விழுங்கிவிடும். ‘போகிறது’ என்பது ‘போகிற’ என்று கேட்கும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், காற்று நேரே படாதபடி சற்றுப் பக்கவாட்டில் மைக்கை வைத்துவிட்டு அப்புறம் ஃபில்டரைப் போடுங்கள்.

*சத்தம் ஏறி இறங்குகிறது.* சாதாரணமாகப் பேசும்போது பட்டை மஞ்சள் பகுதியில், அதாவது −20-க்கும் −9 டெசிபலுக்கும் இடையே ஆடும்படி மைக் அளவை வையுங்கள். பிறகு ஃபில்டர்களை இந்த வரிசையில் அடுக்குங்கள்: நாய்ஸ் சப்ரெஷன், கம்ப்ரெசர் (உரத்த ஒலியைக் குறைத்துச் சமன்செய்வது), லிமிட்டர் (வரம்பைத் தாண்டாமல் தடுப்பது). கம்ப்ரெசரை முதலில் போட்டால் ஃபேன் சத்தத்தையும் தூக்கிக் கொடுத்துவிடும். அதன் ரேஷியோ 10:1 என்று வரும். பேச்சுக்கு அது அதிகம், 3:1 அல்லது 4:1 போதும். லிமிட்டர் −3 டெசிபல். கடைசியில் ஆடாசிட்டியின் லவுட்னஸ் நார்மலைசேஷனில் −16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) கொடுத்தால் எல்லாப் பாடங்களும் ஒரே சத்தத்தில் இருக்கும்.

உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

தொடக்கத்திலும் முடிவிலும் பிசகு ஒரே அளவா, போகப்போகக் கூடுகிறதா? இரண்டுக்கும் வெவ்வேறு மருந்து.

ஒரே அளவென்றால் வெப்கேமின் படம் மைக்கைவிடத் தாமதமாக வந்து சேர்கிறது. கேமரா முன் ஒருமுறை கைதட்டிப் பதிவுசெய்து, கேடென்லைவில் அம்பு விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, ஒலி எழும்பிய இடத்துக்கும் கைகள் சேர்ந்த இடத்துக்கும் இடையே எண்ணுங்கள். 30 ஃபிரேம் பதிவில் ஒரு ஃபிரேம் 33 மில்லி விநாடி. மூன்று ஃபிரேம் என்றால் மைக்கின் சிங்க் ஆஃப்செட்டில் 100 எழுதுங்கள். ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மைக்கைத் தாமதப்படுத்தியதும் திரைக்காட்சி முந்திக்கொள்ளும், மவுஸ் கிளிக் சொல்லுக்கு முன்பே நடக்கும். டிஸ்ப்ளே கேப்சரிலும் ‘ரெண்டர் டிலே’ ஃபில்டர் போட்டு அதே 100 கொடுங்கள்.

போகப்போகக் கூடுகிறது என்றால் மைக் 44.1 கிலோஹெர்ட்ஸ், ஓபிஎஸ் 48 என்று இருக்கலாம். இரண்டையும் 48 ஆக்குங்கள். கைபேசியில் எடுத்த காட்சியைச் சேர்த்திருந்தால் அதுவே குற்றவாளி. கைபேசி வெளிச்சத்துக்கேற்ப ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதிவுசெய்யும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ கொடுத்து 30-க்கு மாற்றிவிட்டுப் பிறகு தொகுப்பில் சேருங்கள்.

வெப்கேம் படத்தில் பட்டைகள் ஓடுகின்றன

நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். கேமரா 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கென்று அமைக்கப்பட்டிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை உருளும். வீடியோ கேப்சர் டிவைஸ் → கான்ஃபிகர் வீடியோவில் பவர்லைன் ஃப்ரீக்வென்சியை 50 ஆக்குங்கள்.

தமிழ் எழுத்து உடைந்து வருகிறது

லினக்ஸிலும் மேக்கிலும் ‘டெக்ஸ்ட் (ஃப்ரீடைப் 2)’ சோர்ஸில் ‘கொ’, ‘கெ’ எல்லாம் கொம்பு இடம் மாறி வரும். எழுத்துருவில் குறையில்லை, கொம்பையும் காலையும் இடம் மாற்றிக் கோக்கும் வேலையை அந்த சோர்ஸ் செய்வதில்லை. எத்தனை எழுத்துரு மாற்றினாலும் அப்படித்தான் இருக்கும். தலைப்பை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து இமேஜ் சோர்ஸாகச் சேருங்கள். அடிக்கடி மாறும் எழுத்து என்றால் சிறு எச்டிஎம்எல் கோப்பில் எழுதி பிரவுசர் சோர்ஸில் காட்டலாம். விண்டோஸின் ‘டெக்ஸ்ட் (ஜிடிஐ+)’ சோர்ஸில் இந்தத் தொல்லை இல்லை. கேடென்லைவின் டைட்டில் கிளிப்பிலும் தமிழ் ஒழுங்காக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் திரையில் நன்றாக வாசிக்க வருகிறது. வசன வரிக் கோப்பில் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால் அதை யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கவில்லை என்று பொருள்.

கேடென்லைவில் பெரிதாக்கினால் மங்குகிறது, ஓட்டினால் திக்குகிறது

1080 பதிவை 1080 ப்ராஜெக்டில் 200% பெரிதாக்கினால் இல்லாத பிக்சலை மென்பொருள் ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கும். 1440 திரை இருந்தால் அந்த அளவிலேயே பதிவுசெய்து, 1080 ப்ராஜெக்டில் வையுங்கள். 133% வரை மங்காமல் பெரிதாக்கலாம். ட்ரான்ஸ்ஃபார்ம் எஃபெக்டில் இரண்டு கீஃபிரேமுக்கு (மாற்றம் தொடங்கும், முடியும் புள்ளிகள்) இடையே 15 ஃபிரேமாவது விட்டு, வகையை ‘ஸ்மூத்’ ஆக்குங்கள். சட்டென்று தாவினால் பார்ப்பவர் கண் இடம் தேடும். ஓட்டும்போது திக்கினால் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ப்ராக்ஸி கிளிப்ஸை (தொகுக்கும்போது மட்டும் பயன்படும் சிறிய நகல்கள்) இயக்குங்கள். இறுதி ரெண்டரில் அசல் கோப்புதான் போகும், பயம் வேண்டாம்.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

ஹெல்ப் மெனுவில் ‘ரீஸ்டார்ட் இன் சேஃப் மோடு’ கொடுங்கள். வெளியார் ப்ளக்இன்களும் ஸ்க்ரிப்ட்களும் இல்லாமல் ஓபிஎஸ் திறக்கும். கோளாறு மறைந்தால் ஒவ்வொரு ப்ளக்இன்னாக நீக்கிக் கண்டுபிடிக்கலாம். மறையவில்லை என்றால் 30 விநாடி பதிவுசெய்து நிறுத்திவிட்டு, ஹெல்ப் → லாக் ஃபைல்ஸில் நடப்பு லாகைத் திறங்கள். மேலே கணினியின் விவரமும் அமைப்புகளும், கீழே தவறிய ஃபிரேம்களின் எண்ணிக்கையும் இருக்கும். உதவி கேட்கும்போது இந்தக் கோப்பை முழுதாகக் கொடுத்தால்தான் யாராலும் பதில் சொல்ல முடியும். கோப்புறைப் பாதைகளில் உங்கள் பயனர் பெயர் தெரியும். பகிருமுன் அதை மட்டும் அழித்துவிடுங்கள்.